கலங்கல் கடலுக்கு ஏற்ற கேமரா: ஒலிம்பஸ் டி.ஜி.-6 மதிப்புரை

ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) பழகியவர்களுக்குச் சான்றிதழ் கைக்கு வந்த மறுவாரமே அடுத்த ஆசை தொற்றிக்கொள்கிறது: பார்த்ததைப் படமாகக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலைப் பயிற்சி முடித்த நாளிலிருந்து எனக்கும் அதே நோய்தான். குறைந்த செலவில் முடித்துவிடலாம் என்று எண்ணி இரண்டு கருவிகளை வாங்கி, ஒன்றைக் கடலுக்கே பறிகொடுத்து, மற்றொன்றை நண்பருக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதாக வாங்கியதுதான் ஒலிம்பஸ் டி.ஜி.-6. அதற்கென்றே செய்யப்பட்ட பி.டி.-059 நீர்ப்புகா உறையோடு சேர்த்து இரண்டு பருவங்களாகப் புதுச்சேரியிலும் அந்தமானிலும் இதைப் பயன்படுத்தி வருகிறேன். சொந்தப் பணத்தில் வாங்கியது. எவரும் அன்பளிப்பாகத் தந்து எழுதச் சொல்லவில்லை.

கருவியைப் பற்றிச் சொல்லுமுன் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீருக்கடியில் எடுக்கும் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கேமராவன்று. கேமராவுக்கும் மீனுக்கும் இடையில் நிற்கும் தண்ணீர்தான். நீர் முதலில் சிவப்பு நிறத்தை விழுங்குகிறது. சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெருமளவு மங்கிவிடும். அதற்கும் கீழே ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என ஒவ்வொன்றாக விடைபெற, 18 மீட்டரில் எல்லாம் நீலமும் பச்சையும் கலந்த ஒரே சாயலாகத் தெரியும். நம் கண்ணும் மூளையும் இதை ஓரளவு ஈடுசெய்துவிடுகின்றன, கேமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இந்த இழப்பு ஆழத்தால் மட்டும் நிகழ்வதன்று என்பதைப் புதிதாக வாங்குகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை. பக்கவாட்டில் ஒளி கடக்கும் தொலைவும் அதே கணக்கில் சேரும். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் மீன் மீது ஃப்ளாஷ் அடித்தால், ஒளி போக ஒரு மீட்டர், திரும்பி வர ஒரு மீட்டர், ஆக இரண்டு மீட்டர் தண்ணீரைக் கடந்தே லென்ஸுக்கு வருகிறது.

இதனோடு கலங்கலும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தமானில் நல்ல நாளில் இருபது மீட்டருக்கு அப்பால் இருப்பதும் தெரியும். நம் கிழக்குக் கடற்கரையில், அதுவும் வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் காலத்தை ஒட்டி இறங்கினால், நீட்டிய கைக்குச் சற்று அப்பால் இருக்கும் கூட்டாளியின் காலில் மாட்டிய துடுப்பே மங்கலாகத் தெரியும் நாள்களும் உண்டு. ஆகவே மலிவான நீரடிக் கேமரா தேடும் தமிழ்நாட்டு டைவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மெகாபிக்சல், எத்தனை கே வீடியோ என்பதன்று. இந்தக் கேமரா எவ்வளவு கிட்டே போய்ப் படமெடுக்கும் என்பதே அந்தக் கேள்வி. என் முதலிரண்டு தவறுகளும் இதைக் கேட்காததால் நேர்ந்தவை.

முதல் தவறு, பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எண்ணை நம்பியது. அது பெயர் தெரியாத ஒரு மலிவு ஆக்‌ஷன் கேமரா. உறையோடு 30 மீட்டர் வரை நீர்ப்புகாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆழம் 10 மீட்டர் கூடும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் கருவியின் மேல் இருப்பது தரையில் இருப்பதைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு அழுத்தம். அந்த உறையின் பொத்தான்களுக்குள் இருந்த சுருள்வில் இந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. 16 மீட்டரில் வீடியோவைத் தொடங்க அழுத்திய பொத்தான் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. மேலே வரும்வரை என் துடுப்பையும் மணலையும் அது பதிவுசெய்துகொண்டே இருந்தது. அதற்கடுத்த டைவில் உறையின் மூலையில் ஒரு சிறு குமிழி தோன்றியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே அரை அங்குலம் உப்புத் தண்ணீர் சேர்ந்தது. கடல்நீர் புகுந்த மின்னணுக் கருவியை அரிசியில் புதைத்து வைப்பதெல்லாம் மன ஆறுதலுக்குத்தான்.

பெட்டியில் ஐ.பி.68 என்று இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பாடம் காத்திருக்கிறது. அந்தத் தரக்குறியீடு, உற்பத்தியாளர் குறிப்பிடும் ஆழத்தில், குறிப்பிட்ட நேரம், அசையாத நன்னீரில் வைத்துச் சோதிப்பதைக் குறிப்பது. கைபேசிகளில் அந்த ஆழம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரைதான். நீச்சல்குளத்துக்கு அது சரி, ஸ்கூபாவுக்கு ஆகாது. ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லை 18 மீட்டர், அட்வான்ஸ்டு சான்றிதழுக்கு 30 மீட்டர், பொழுதுபோக்கு டைவிங்கின் உச்ச எல்லை 40 மீட்டர். நீங்கள் வாங்கும் உறையின் ஆழ வரம்பு உங்கள் சான்றிதழின் எல்லையைத் தாண்டி நல்ல இடைவெளி விட்டு இருக்க வேண்டும். இன்றைய சான்றிதழுக்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்கினால் அடுத்த ஆண்டே மீண்டும் கடைக்குப் போக நேரும்.

இரண்டாவதாக வாங்கியது பெயர்பெற்ற நிறுவனத்தின் நல்ல ஆக்‌ஷன் கேமரா. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை; நான் எடுக்க விரும்பிய படத்துக்கும் அதற்கும்தான் பொருத்தமில்லை. இன்று கிடைப்பவற்றில் கோப்ரோ ஹீரோ வரிசையின் முதன்மைக் கேமராக்கள் உறையில்லாமல் 10 மீட்டர் வரையும், டி.ஜே.ஐ. ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 உறையில்லாமல் 18 மீட்டர் வரையும், அதற்கடுத்த ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர் வரையும் தாங்குமென்று அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்கென உள்ள டைவ் உறைகளோடு 60 மீட்டர் வரை போகலாம். நடுக்கம் தெரியாத வீடியோ, உள்ளங்கையில் அடங்கும் அளவு, பி.சி.டி. எனும் மிதப்புச் சட்டையின் பையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற வசதி ஆகியவற்றால் ஆமை, திருக்கை, பாரை மீன் கூட்டம், மூழ்கிய கப்பல் போன்ற பெரிய காட்சிகளுக்கு இவற்றை மிஞ்ச இந்த விலையில் வேறில்லை. ஆண்டுக்கு ஒரு முறை அந்தமான் போய், குடும்பத்துக்கு வீடியோ காட்டினால் போதும் என்பவர் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு ஆக்‌ஷன் கேமராவையே வாங்கலாம், மனவருத்தம் வராது.

ஆனால் இவ்வகைக் கேமராக்களின் லென்ஸ் மிக அகன்ற பார்வை கொண்டது, குவியமும் பெரும்பாலும் நிலையானது. ஏறத்தாழ ஓரடிக்குள் வரும் பொருள் தெளிவாக விழாது. ஓரடிக்கு அப்பால் இருக்கும் இரண்டு அங்குல உயிர் அந்த அகன்ற சட்டத்தில் ஒரு புள்ளியாகிவிடும். புதுச்சேரிக் கரைக்கு அப்பால் டெம்பிள் ரீஃப் என்று டைவர்கள் அழைக்கும் செயற்கைப் பாறைத்திட்டு சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சென்ற பருவத்தில் ஒரு காலையில் நானும் பழைய ஆக்‌ஷன் கேமராவைப் பெற்றுக்கொண்ட அதே நண்பரும் அங்கே இறங்கினோம். தண்ணீர் ஐந்தாறு மீட்டர்தான் தெளிந்திருந்தது. பாறை இடுக்கில் அஞ்சாலை என்னும் விலாங்கு போன்ற மீன் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்க, அதன் தாடையின் ஓரத்தில் கண்ணாடி போன்ற உடலில் வெள்ளைக் கோடுகள் கொண்ட ஒரு சிறு இறால் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் மாறி மாறி எடுத்தோம். மாலையில் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது, நண்பரின் வீடியோவில் பச்சை மூட்டத்துக்குள் ஒரு பழுப்புக் கயிறு அசைவது தெரிந்தது. என் படத்தில் இறாலின் மீசை இரண்டும், அஞ்சாலையின் பல்லில் சிக்கியிருந்த ஏதோ ஒரு துணுக்கும் தெரிந்தன. நண்பர் மிகவும் திறமையான டைவர். என்னைவிட நிதானமாக மிதப்பவர். வேறுபாடு முழுவதும் இடையிலிருந்த தண்ணீரின் அளவில் இருந்தது.

ஒலிம்பஸ் நிறுவனம் டி.ஜி.-6ஐ 2019இல் வெளியிட்டது. 2021இல் அதன் கேமராத் தொழில் ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனத்துக்குக் கைமாறிய பின், 2023இல் ஓ.எம். சிஸ்டம் டி.ஜி.-7 என்ற பெயரில் அடுத்தது வந்தது. டி.ஜி.-6இன் அடிப்படை விவரங்கள் எளியவை: 12 மெகாபிக்சல், 1/2.33 அங்குல உணரி, முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் அளவு) கேமராக் கணக்கில் 25 முதல் 100 மில்லிமீட்டர் வரையிலான ஜூம், எஃப்/2.0இல் தொடங்கும், ஒளி நுழையும் துளை (அப்பெர்ச்சர்), பின்னால் திருத்த ஏதுவான ரா கோப்பாகப் பதியும் வசதி, 4கே வீடியோ. உறையே இல்லாமல் 15 மீட்டர் வரை நீர் புகாது. சுமார் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். படகில் சிலிண்டர்களுக்கு நடுவே கேமராவை வைக்கிறவர்களுக்கு இந்தக் கடைசி விவரம் சிறியதன்று.

இதன் உயிர்நாடி மைக்ரோஸ்கோப் முறை. லென்ஸின் முகப்பிலிருந்து ஒரே சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் பொருளையும், ஜூமை முழுதாக நீட்டிய நிலையிலேயே, இது குவியப்படுத்துகிறது. விலை கூடிய பெரிய கேமராக்களில் இதைச் செய்யத் தனி மேக்ரோ லென்ஸும், அதற்கேற்ற உறை முகப்பும் வாங்க வேண்டும். அங்கே முகப்புக் கண்ணாடிக்கு ஆகும் செலவில் இங்கே முழுக் கேமராவே வந்துவிடும். கைவிரல் நகத்தின் அளவே உள்ள நூடிபிராங்க் என்னும் ஓடில்லாக் கடல் நத்தையின் முதுகில் பூப்போல விரிந்திருக்கும் செவுள்களை, உறையின் கண்ணாடி அதன் மேல் பட்டுவிடுமோ என்று அஞ்சும் அளவுக்குக் கிட்டே போய் எடுக்க முடிகிறது. இவ்வளவு கிட்டே போகும்போது இடையில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். கலங்கல் இல்லை, நிறமிழப்பும் இல்லை. ஐந்து மீட்டர் மட்டுமே தெளிவுள்ள கடலில் எடுத்த படம் மாலத்தீவில் எடுத்ததுபோல் வருவதற்கு வேறு மாயம் எதுவும் காரணமில்லை.

நீரடிக்கென்றே தனித் தேர்வுகளைச் சக்கரத்தில் ஒரே திருப்பில் வைத்திருப்பதும் பயனுள்ளது. வெண்சமநிலைக்கு (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்வது) ஆழம் குறைந்த நீர், நடுத்தர ஆழம், மிகுந்த ஆழம் என மூன்று அமைப்புகள் உள்ளன. எனக்கு இவற்றைவிட, வெளிறிய மணலையோ கையில் கொண்டுபோன வெள்ளைப் பலகையையோ காட்டி அந்த ஆழத்திலேயே வெண்சமநிலையைப் பதிந்துகொள்வதே நம்பகமாக இருக்கிறது. ஐந்து மீட்டருக்கு ஒரு முறை மறுபடியும் பதிய வேண்டும் என்பது மட்டுமே தொல்லை. இயற்கை ஒளியில் வீடியோ எடுக்கச் சிவப்பு வடிகட்டி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வடிகட்டி புதிதாகச் சிவப்பைக் கொண்டுவருவதில்லை, நீலத்தையும் பச்சையையும் குறைக்கிறது, அவ்வளவே. ஆகவே ஏற்கெனவே இருட்டான கலங்கல் நீரில் அது இருக்கிற ஒளியையும் தின்றுவிடும். தெளிந்த அந்தமான் நீரில், பத்துப் பதினைந்து மீட்டருக்குள், வெயில் உச்சியில் இருக்கும்போது அது வேலைசெய்யும்.

உறையில்லாமலே 15 மீட்டர் தாங்கும் கேமராவுக்கு, கேமரா விலையில் பாதிக்கு மேல் கொடுத்து உறை எதற்கு என்று எவரும் கேட்பார்கள். எனக்கும் கேள்வி இருந்தது. முதல் விடை ஆழக் கணக்கு: 18 மீட்டர் சான்றிதழ் வைத்திருப்பவர் 15 மீட்டர் கேமராவோடு இறங்கினால், ஒரு நல்ல காட்சி 16 மீட்டரில் இருக்கும் நாளில் அவர் கட்டாயம் கீழே போவார். பி.டி.-059 உறை 45 மீட்டர் வரை தாங்கும் என்பதால் பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாவது விடைதான் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது. உறைக்குள் தண்ணீர் கசிந்தால், உள்ளே இருப்பதும் நீர்ப்புகாக் கேமரா. 15 மீட்டருக்குள் கசிவைக் கண்டுகொண்டால் கேமரா பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. கடலுக்குள் இரண்டு கதவு போட்டுப் பூட்டிய நிம்மதி இது. மேலும் உறையின் பொத்தான்கள் பெரியவை, விரல் நுனி மரத்துப்போன பின்னும் அழுத்த வருகின்றன. முகப்பில் உள்ள 52 மில்லிமீட்டர் மரையில் அகலக்கோண லென்ஸையோ கூடுதல் மேக்ரோ லென்ஸையோ நீருக்கடியிலேயே திருகிக் கழற்றலாம்.

இனி இதனால் முடியாதவற்றைச் சொல்ல வேண்டும். அகலக் காட்சி இதன் பலமன்று. தட்டையான கண்ணாடி முகப்புக்குப் பின்னால் இருக்கும் எந்த லென்ஸும், நீரின் ஒளிவிலகலால், மூன்றில் ஒரு பங்கு நெருக்கமாகப் பார்க்கத் தொடங்கும். 25 மில்லிமீட்டர் என்பது நீருக்கடியில் ஏறத்தாழ 33 ஆகிவிடும். ஒரு பெரிய திருக்கையையோ முழுப் பாறைத்திட்டையோ சட்டத்துக்குள் கொண்டுவரப் பின்வாங்க வேண்டும். பின்வாங்கினால் தண்ணீர் கூடும். தண்ணீர் கூடினால் படம் பச்சையாகும். உணரி சிறியது என்பதால் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 800ஐத் தாண்டினால் நிழற்பகுதிகளில் மணல் தூவியதுபோல் தெரிகிறது. திரை வேகத்தையும் (ஷட்டர்) துளையையும் ஒருசேர நாமே வைத்துக்கொள்ளும் முழுக்கையியக்க முறை இதில் இல்லை. துளைக்கும் மூன்றே படிகள்தான். டி.ஜி.-7இலும் இதே நிலைதான். புகைப்படக் கலையை ஏற்கெனவே கரையில் பழகிய ஒருவருக்கு இது கையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். எனக்கோ, நீரோட்டத்தில் ஒரு கையால் சமநிலை பார்த்துக்கொண்டு மறுகையால் படமெடுக்கும் நிலையில், தேர்வுகள் குறைவாக இருப்பது உதவியாகவே பட்டது. மின்கலம் அளவீட்டுத் தரத்தின்படி 340 படங்கள் என்று அறிவிக்கப்பட்டது. ஃப்ளாஷும் இடையிடையே 4கே வீடியோவுமாகப் பயன்படுத்தினால் எனக்கு இரண்டு டைவுக்கு மேல் வருவதில்லை. உபரி மின்கலம் ஒன்று கட்டாயம்.

உள்ளேயே இருக்கும் ஃப்ளாஷைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதல் பத்து டைவ்களில் நான் எடுத்த படங்களில் பாதியைக் கெடுத்தது அதுதான். கலங்கல் நீரில் லென்ஸுக்கு அருகிலிருந்து ஒளி அடித்தால், இடையில் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் பளிச்சிட்டுத் திரும்பும். மழையில் வரும் பேருந்தின் முகப்பு விளக்கில் தாரைகள் மட்டுமே தெரிந்து சாலை தெரியாமல் போவது போன்றது இது. இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் எடுக்கும்போது துகள்களுக்கு இடமே இல்லாததால் பாதகமில்லை. ஓரடி தள்ளியதும் படம் முழுக்கப் பனி பெய்யத் தொடங்கிவிடும். இதற்கு ஒரே வழி, ஒளியை லென்ஸிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் வைப்பது. கேமராவைத் தாங்கும் தட்டும் அதிலிருந்து நீளும் கையும் பொருத்தி, ஒளியிழைக் கம்பி வழியாக இயங்கும் ஸ்ட்ரோப் என்னும் தனி ஃப்ளாஷ் ஒன்றையோ வீடியோ லைட் ஒன்றையோ தள்ளி நிறுத்த வேண்டும்.

ஸ்ட்ரோபா, வீடியோ லைட்டா என்பதில் டைவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. நிழற்படம் மட்டும் எடுப்பவருக்கு ஸ்ட்ரோப்தான் சரி. கண்ணிமைக்கும் நேரத்தில் வெடிக்கும் அதன் ஒளி, வீடியோ லைட்டின் தொடரொளியைவிடப் பன்மடங்கு வலியது, அசைவையும் உறைய வைத்துவிடும். நான் 2,000 லூமன் அளவிலான ஒரு வீடியோ லைட்டை வாங்கினேன். காரணம் சிக்கனம்: அதுவே வீடியோவுக்கும் உதவும், பாறை இடுக்குகளில் தேடும் டார்ச்சாகவும் உதவும், குவியம் பிடிக்கக் கேமராவுக்கும் கை கொடுக்கும். பட்ஜெட்டைப் பிரிப்பதில் என் கணிப்பு இதுதான்: கையில் இருக்கும் தொகையில் பாதியைக் கேமரா உடலுக்கு ஒதுக்கி, மீதிப் பாதியை உறைக்கும் விளக்குக்கும் ஒதுக்க முடியாவிட்டால், உடலை ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டுமே தவிர விளக்கை விடக்கூடாது.

டி.ஜி.-6 அமெரிக்கச் சந்தையில் 450 டாலருக்கும், டி.ஜி.-7 550 டாலருக்கும் அறிமுகமாயின. இந்த டாலர் விலையை அப்படியே ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டால் நம் ஊரில் ஏமாற்றமே மிஞ்சும். சுங்கவரி, இறக்குமதியாளரின் பங்கு, உறையைத் தனியே வரவழைக்கும் செலவு எல்லாம் மேலே ஏறும். டி.ஜி.-7இல் மின்னேற்றம் யு.எஸ்.பி.-சி வழியாக நடக்கிறது, கைப்பிடி சற்று மேம்பட்டிருக்கிறது, நெட்டுவாக்கில் வீடியோ எடுக்க வழிசெய்திருக்கிறார்கள்; நீருக்கடியில் படத்தின் தரத்தில் சொல்லிக்கொள்ளும் வேறுபாடு இல்லை. எனவே கையிருப்பில் புதிய டி.ஜி.-6 கிடைத்தாலோ, நல்ல நிலையில் பழையது உறையோடு கிடைத்தாலோ, அதையே வாங்கச் சொல்வேன்.

பழையதை வாங்குவோர் உறையின் முகப்புக் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் இருக்கும் மெல்லிய கீறலைத் தண்ணீரே நிரப்பிவிடும், படத்தில் தெரியாது. உட்புறக் கீறல் தெரியும். உறையின் கதவில் நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் வயதை விற்பவர் சொன்னாலும் நம்பாமல் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வதே மேல். கேமராவின் பக்கவாட்டுக் கதவுகளின் விளிம்பில் பச்சையாகவோ வெண்மையாகவோ உப்பு பூத்திருந்தால் பேரத்தைத் தொடராமல் எழுந்துவிடுவது நல்லது.

மற்ற இரண்டு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைபேசியையே கொண்டுபோகும் டைவ் உறைகள் இப்போது நன்றாகவே வந்துவிட்டன. சீலைஃப் ஸ்போர்ட்டைவர் 40 மீட்டர் வரை தாங்குவது, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக் கசிவைச் சோதிக்கும் ஏற்பாடும் கொண்டது. கைபேசியின் படத்தரத்தில் எனக்கு ஐயமில்லை. வங்கிக் கணக்கும், திரும்பும் விமானச் சீட்டும், வீட்டாரின் எண்களும் இருக்கும் ஒரே பொருளைக் கடலுக்குள் கொண்டுபோகும் துணிவுதான் எனக்கில்லை. வீட்டில் பழைய கைபேசி ஒன்று சும்மா கிடப்பவர் இதைத் தாராளமாக எண்ணிப் பார்க்கலாம். கடற்கரைக் கடைகளில் தொங்கும் ஒளிபுகு பிளாஸ்டிக் பைகள் இந்தப் பேச்சிலேயே சேரா. இன்னொன்று, சீலைஃப் மைக்ரோ 3.0 போன்று முழுவதும் மூடி ஒட்டப்பட்ட கேமரா: திறக்கவே கதவில்லை என்பதால் ஓ-ரிங் கவலையும் இல்லை, 60 மீட்டர் வரை போகும். அதே காரணத்தால் மின்கலத்தையும் மாற்ற முடியாது, நினைவகத்தையும் கூட்ட முடியாது. பொறுப்பில்லாமல் கையாளும் பதின்வயதினர் வீட்டில் இருந்தால் அது நல்ல தேர்வு.

எதை வாங்கினாலும், மிதப்புக் கட்டுப்பாடு (மேலேறாமலும் அமிழாமலும் நிற்பது) கைவருமுன் அதை நீருக்குள் எடுத்துப்போவதில் எனக்கு உடன்பாடில்லை. கேமரா கையில் இருக்கும்போது சிலிண்டரில் எஞ்சிய காற்றைக் காட்டும் மானியைப் பார்ப்பது குறைகிறது, கூட்டாளியைத் திரும்பிப் பார்ப்பதும் குறைகிறது, துடுப்பு எங்கே இடிக்கிறது என்பதே தெரிவதில்லை. நெருங்கிப் போகும் கேமரா என்பதால் டி.ஜி.-6க்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். நடுங்காமல் எடுக்க வேண்டும் என்று ஒரு கையால் பவளத்தைப் பற்றிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். பாறைத்திட்டை எழுப்பும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. சட்டத்தை விடுங்கள், விரல் நுனி அளவு பவளம் வளர ஆண்டுகள் ஆகும். என் பயிற்றுநர் 25 டைவ் முடியும்வரை கேமராவைப் படகிலேயே வைக்கச் சொன்னார். அன்று எரிச்சலாக இருந்தது. 18ஆவது டைவில் திருட்டுத்தனமாக எடுத்துப்போய் மணலைக் கிளப்பிவிட்டதில் பின்னால் வந்த மூவருக்கும் ஒன்றும் தெரியாமல் போன பிறகு, எஞ்சிய ஏழையும் ஒழுங்காக முடித்தேன்.

பராமரிப்பில்தான் மலிவான கருவி மலிவாகவே நீடிப்பதும் நீடிக்காததும் முடிவாகிறது. ஓ-ரிங்கைப் படகில் வைத்துக் கழற்றவே கூடாது. முந்தைய இரவு, குளிரூட்டிய அறையில், காய்ந்த கையோடு அதை எடுத்து, பஞ்சு உதிராத துணியால் பள்ளத்தையும் வளையத்தையும் துடைத்து, விரல்களுக்கிடையே மெல்ல இழுத்துத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். உறை செய்த நிறுவனத்தின் களிம்பையே, பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும், பூச வேண்டும். வேறு களிம்பு பட்டால் சில வகை ஓ-ரிங்குகள் ஊதிப்போகும். குளிரூட்டிய அறையில் மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கடற்கரையின் ஈரக்காற்றை உள்ளே வைத்துப் பூட்டினால், கேமராவின் சூடும் வெளிநீரின் குளிர்ச்சியும் சேர்ந்து கண்ணாடியின் உட்புறம் மூடுபனி படியும்; ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றையும் உள்ளே செருகிவிடுவது நல்லது. புதிய உறையையோ, ஓ-ரிங் மாற்றிய உறையையோ, முதல் டைவில் கேமரா இல்லாமல் காலியாகக் கொண்டுபோய்ப் பார்த்துவிட வேண்டும். விமானத்தில் போகும்போது உறையை இறுகப் பூட்டாதீர்கள், தரையிறங்கியபின் அழுத்த வேறுபாட்டால் திறக்க முடியாமல் மல்லாட நேரும்; உபரி மின்கலங்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

டைவ் முடிந்ததும் உறையை நன்னீரில் குறைந்தது அரை மணி நேரம் ஊறவைத்து, ஒவ்வொரு பொத்தானையும் நீருக்குள்ளேயே பலமுறை அழுத்திவிட்டால் தண்டுக்குள் தங்கிய உப்பு கரையும். படகில் எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் வாளியில் நான் போடுவதில்லை. நான்கு கேமராக்களும் இரண்டு முகமூடிகளும் ஒன்றோடொன்று உரசும் அந்த வாளியில்தான் முகப்புக் கீறல்கள் பிறக்கின்றன. அறைக்கு வந்து, உறையின் வெளிப்புறத்தைத் துடைத்து, கொக்கியைத் திறக்கப் போகும் அந்தக் கணத்தில் உங்கள் தலைமுடியை முதலில் துவட்டிக்கொள்ளுங்கள். கடலுக்கடியில் 45 மீட்டர் வரை தாங்கும் உறைக்குள் நான் இதுவரை பார்த்த ஒரே உப்புநீர்த் துளி, என் நெற்றியிலிருந்து சொட்டியது.